கடலில்லாத ஊரின் கேப்டன்

அந்த நாட்டின் வரைபடத்தை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் கடல் வராது. நாலு பக்கமும் அண்டை நாடுகள், நடுவில் ஒரு பெரிய ஏரி. மூன்று ஆறுகள் வந்து அதில் விழும். ஒன்றுகூட வெளியே போகாது. வந்த தண்ணீர் வெயிலில் காய்ந்து மேலே போனால்தான் உண்டு. அதனாலேயே ஏரித் தண்ணீர் நாக்கில் லேசாகக் கரிக்கும்.

இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போக அந்த ஏரியில் இருந்தது ஒரே ஒரு படகு. அதை ஓட்டியவருக்கு ஊர் வைத்த பெயர் கேப்டன். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளாததால், நாளடைவில் ஊரும் மறந்துபோய் மரியாதையாகவே கூப்பிடத் தொடங்கிவிட்டது. தினமும் காலையில் அவர் ரேடியோவில் வேறு நாட்டுக் கடல்களின் வானிலை கேட்பார். "அலை மூணு மீட்டராம்" என்று கவலையோடு தலையை ஆட்டிவிட்டு, கண்ணாடி போலக் கிடக்கும் ஏரியில் இறங்கிப் படகை எடுப்பார்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள் அவர் மனைவி. அவளுக்கு ஒலிபெருக்கி ஒன்று கொடுத்திருந்தார்கள். அது இல்லாமலே அவள் குரல் அக்கரைக்குக் கேட்கும் என்பது ஊரின் அபிப்பிராயம். எஞ்சினைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய தம்பி. எல்லாருக்கும் அவன் மெக்கானிக். அக்கா வீட்டு மோட்டார் பம்பைப் பழுது பார்க்க வந்தவன், நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றான். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அந்த நாலு நாள் முடியவில்லை. கல்யாணம் ஒன்றிரண்டு தடவை கூடி வந்து கலைந்துபோனது. வீட்டின் பின்னறை அவனுடையதாகிவிட்டது.

"நம்ம ஏரியும் நீயும் ஒண்ணு மச்சான். உள்ள வந்தது வெளிய போகாது" என்பார் கேப்டன், சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் தள்ளியபடி.

"போகச் சொல்லுங்க அத்தான், போயிடறேன்."

"போயிட்டா எஞ்சினை யார் பாக்கறது? உக்காந்து சாப்பிடு."

இந்தப் பேச்சு வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்த வீட்டில் நடக்கும். பதில்கள் மாறாது. மாறினால்தான் மூவருக்கும் பயமாக இருந்திருக்கும்.

பழைய படகின் அடித்தகடு துருவேறி, ஒட்டுப் போட்ட இடத்திலேயே ஒட்டுப் போட வேண்டிய நிலை வந்தபோது, படகுச் சங்கம் புதுப் படகு வாங்கத் தீர்மானித்தது. புதிது என்றால் ஊருக்குப் புதிது. பக்கத்து நாட்டுத் துறைமுகம் ஒன்றில் பாதி ஆயுளைக் கழித்துவிட்ட படகு அது. கேப்டனும் மெக்கானிக்கும் பஸ்ஸில் போய் அதை வாங்கி, துறைமுகத்துக்குள்ளேயே கிரேன் நிற்கும் பக்கத்துக்கு ஓட்டி வந்து கட்டிவைக்க வேண்டும். பிறகு ஊரிலிருந்து பெரிய லாரி வரும். கிரேன் படகைத் தூக்கி லாரியில் வைக்கும். அவ்வளவுதான் வேலை.

கிளம்புகிற அன்று காலையில் அக்கா தம்பியைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"படகு சரியில்லன்னா விட்டுட்டு வந்துடு. சங்கத்துக்காரங்களை நான் பாத்துக்கறேன். இந்த மனுஷனை மட்டும் அங்க விட்டுட்டு வந்துடாதே."

"அத்தான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துடலாம். இவரு இன்னும் கடலைப் பாத்ததில்லடா. பாத்தா என்ன ஆவாருன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது."

மெக்கானிக் சிரித்தான். ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலை வளையும் போதெல்லாம் எட்டிப் பார்த்த அத்தானின் கழுத்தைக் கவனித்துக்கொண்டே வந்தபோது சிரிப்பு வரவில்லை. இந்த மனுஷன் திரும்பி வராவிட்டால் அக்கா என்ன ஆவாள் என்று யோசித்தான். தன்னைப் பற்றி யோசிக்க அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

கடலைப் பார்த்ததும் கேப்டன் அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. "பெருசாத்தான் இருக்கு" என்றார். பிறகு படியில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்து, "நம்மளுதைவிட உப்பு ஜாஸ்தி" என்றார். ஆனால் மெக்கானிக் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் படியேறி வந்தார்.

படகு நன்றாகவே இருந்தது. மெக்கானிக் எஞ்சினுக்குள் தலையை விட்டுக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மூச்சு இருக்கு" என்றான். கேப்டன் அதை ஓட்டிக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றி வந்து, கிரேன் பக்கத்துச் சுவரோரம் நிறுத்தினார். முன்பகல் நேரம். தண்ணீர் சுவரின் விளிம்பு வரை வந்து நின்றது. படகிலிருந்து கரைக்கு வாசற்படி தாண்டுகிற மாதிரி ஒரு காலை எடுத்து வைத்தால் போதும்.

கட்டுவதில் கேப்டன் கில்லாடி. ஏரியில் பிற்பகலானால் காற்று அடிக்கும். கயிறு கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் படகு துறையில் மோதி மோதித் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும். ஆகவே முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டையும் கட்டையாகப் பிடித்து, விரலால் சுண்டினால் சத்தம் வருகிற மாதிரி இழுத்துக் கட்டுவார். ஏரித் தண்ணீரும் ஏறும் இறங்கும். ஆனால் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் நடுவில், யாருக்கும் தெரியாமல். இங்கேயும் அப்படியே கட்டினார். கரையில் நட்டிருந்த இரும்புக் குற்றிகளில் கட்டிய கயிறுகளில் இரண்டு பேரும் தொங்கிப் பார்த்தார்கள். அசையவில்லை.

கைகளைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர் கண்ணில் பக்கத்து லாஞ்ச் பட்டது. சின்னப் படகு. அதன் கயிறுகள் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன மச்சான் இது, துணி காயப்போடற கொடி மாதிரி? பாவம், யாரோ அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்காங்க."

"நமக்கென்ன அத்தான்?"

"பக்கத்துல பக்கத்துல கட்டியிருக்கோம். ஒரு உபகாரம்."

அதையும் அவிழ்த்து இழுத்துக் கட்டினார். திருப்தியாக இருந்தது அவருக்கு.

கடல் ஏறி இறங்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஓதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தார். ரேடியோவிலும் கேட்டிருந்தார். ஆனால் அது வெளியே, மணலும் அலையுமாக இருக்கிற இடத்து விவகாரம். ஏறினால் ஒரு சாண், இறங்கினால் ஒரு சாண் என்று நினைத்திருந்தார். சுவர் எழுப்பி, வாசல் வைத்து, வீட்டுத் தொட்டி மாதிரி உள்ளே பிடித்துவைத்த தண்ணீர் எங்கே போய்விடும்?

எஞ்சினுக்கு வடிகட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, சாப்பிட்டு, டீ குடித்து, நிதானமாகத் திரும்பினார்கள். கிரேன் பக்கத்தில் கூட்டம் நின்றிருந்தது. படகைக் காணோம்.

மெக்கானிக்தான் முதலில் ஓடினான். விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தான். தண்ணீர் ஒரு மாடி உயரத்துக்குக் கீழே இருந்தது. ஈரமும் பாசியுமாகச் சுவர் நீளமாக வெளியே வந்திருந்தது. அந்தச் சுவரில், சட்டைக்காலரைப் பிடித்துத் தூக்கிய பையனைப் போல, அவர்கள் ஊர்ப் படகு தொங்கிக்கொண்டிருந்தது. கரைப்பக்கம் கயிற்றில் உயர்ந்து நிற்க, மறுபக்கம் சாய்ந்து தண்ணீருக்குள் முகம் வைக்கப் போகிற நிலை. கயிறுகள் முனகின. பக்கத்தில் அதே கோலத்தில் லாஞ்ச்.

கழுத்தில் விசில் மாட்டிய பருமனான ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு வேலையாட்களை ஏற்றிப் போகிற லாஞ்ச் அவளுடையது.

"யாரு கட்டினது?"

"நான்தாம்மா" என்றார் கேப்டன்.

"உங்களோடதையா, என்னோடதையா?"

"ரெண்டையும்."

அவள் வாய் திறந்தபடி நின்றாள். திட்டுவதற்குக்கூட அவளுக்கு முன்மாதிரி எதுவும் கிடைக்கவில்லை போலும்.

"எந்த ஊருங்க உங்களுக்கு?"

சொன்னார்.

"அங்க கடலே கிடையாதே!"

"கிடையாதும்மா."

யாரோ ஒருவன் கோடாலியோடு கயிற்றை நெருங்கினான். கேப்டன் அவன் கையைப் பிடித்தார். "வெட்டாதீங்க. ஒரு பக்கம் வெட்டினா தலைகுப்புற விழும். மச்சான், செயின் பிளாக் எங்க?"

செயின் பிளாக் என்பது சங்கிலியை இழுத்து எஞ்சினையே தூக்கவும் இறக்கவும் ஆகிற சாமான். மெக்கானிக்கின் கருவிப்பெட்டி கரையிலேயே இருந்ததுதான் அன்றைக்கு அவர்கள் செய்த புண்ணியம். அவன் அதை எடுத்துக்கொண்டு தங்கள் படகின் பக்கம் ஓடினான். கேப்டன் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"முதல்ல அவங்களோடது."

"அத்தான், நம்மளுது சாஞ்சுட்டு இருக்கு! உள்ள தண்ணி ஏறிட்டா ஊருக்கு என்ன பதில் சொல்றது?"

"நம்மளுது நம்ம தப்பு மச்சான். அவங்களோடது நம்ம உபகாரம். உபகாரத்தை முதல்ல அவிழ்க்கணும்."

பின்பக்கம் செயின் பிளாக்கில் பளுவை ஏற்றி, பழைய முடிச்சை விடுவித்து, மெக்கானிக் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். முன்பக்கம் கேப்டன் வேறொரு நீளக் கயிற்றைப் படகில் மாட்டி, குற்றியில் நாலு சுற்றுச் சுற்றி, அதில் பளுவை வாங்கிக்கொண்டு, பிடித்துப் பிடித்து விட்டார். இவன் ஒரு சாண் விட்டால் அவர் ஒரு சாண். ஊரில் எஞ்சினை இறக்கி ஏற்றி இருவருக்கும் பழக்கம். "ம்" என்பார் ஒருவர், "ம்" என்பான் மற்றவன். அதற்கு மேல் பேச்சில்லை. லாஞ்ச் தண்ணீரில் போய் உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டது. பிறகு தங்கள் படகு. அது இறங்கி முடிக்கையில் இரண்டு பேர் சட்டையும் பிழியலாம் போலிருந்தது. ஒரு கைப்பிடிக் கம்பி வளைந்திருந்தது, ஒரு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. மற்றபடி சேதம் இல்லை.

அதுவரை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த லாஞ்சுக்காரம்மா இப்போது சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

"கட்டத் தெரியலன்னாலும் அவிழ்க்கத் தெரியுதே உங்களுக்கு. இங்க கட்டத் தெரிஞ்சவன் ஆயிரம் பேர் இருக்கான். பதறாம அவிழ்க்கத் தெரிஞ்சவன்தான் எனக்கு வேணும். லாஞ்ச் ஓட்ட ஒரு ஆள் தேடிட்டிருக்கேன். இருக்கீங்களா?"

கேப்டன் லாஞ்சைத் திரும்பிப் பார்த்தார். மெக்கானிக் அத்தானைப் பார்த்தான். முடியாது என்று சொல்லவில்லையே இவர்!

மறுநாள் அவள் அவரைக் கூடவே லாஞ்சில் ஏற்றிக்கொண்டு போனாள், சும்மா பார்த்துவிட்டு வரட்டும் என்று. அந்த நேரத்தில் மெக்கானிக் அக்காவுக்குப் போன் போட்டான். கயிற்றுக் கதையைச் சொன்னான். அக்கா சிரித்து ஓய்ந்த பிறகு வேலைக் கதையைச் சொன்னான். அக்காவின் குரல் அப்படி அடங்கி அவன் கேட்டதில்லை.

"அந்தம்மாவுக்கு என்ன வயசு?" என்றாள்.

"உன்னைவிடப் பெரியவங்கதான்."

"விசில் எதுக்கு?"

"ஆளைக் கூப்பிட."

"எனக்கு ஒலிபெருக்கி, அவளுக்கு விசிலா. சரி. அங்க வீடு கிடைக்குமா?"

"யாருக்கு?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. குழாய்ல தண்ணி நல்லா வருதா?"

"வருதுக்கா. எதுக்குக் கேக்கற?"

"உங்க அத்தான் முகம் எப்படி இருக்கு?"

அவன் யோசித்தான். பொய் சொல்ல வரவில்லை. "இருபது வயசு கொறஞ்ச மாதிரி இருக்கு."

"ம். லாரி டிரைவர் நம்பர் குடு" என்றாள். கொடுத்தான். வைத்துவிட்டாள்.

இழுத்துப்போக வருகிறாள் என்று புரிந்துகொண்டான் மெக்கானிக். கொஞ்சம் தெம்பு வந்தது. அக்கா வந்து நின்றால் கடலும் கரைக்கு அந்தப்பக்கம் தள்ளித்தான் நிற்கும்.

சாயங்காலம் கேப்டன் லாஞ்சிலிருந்து இறங்கும்போது முகமெல்லாம் உப்பு. "மச்சான், கப்பலை அடியிலேருந்து பாத்தா கப்பலா தெரியல. ஒரு தெரு மாதிரி இருக்கு. மேலேருந்து ஒரு கயிறு போட்டாங்க, என் தொடை கனம்" என்று தொடங்கியவர், மச்சானின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவராகவே சொன்னார்: "அந்தம்மாகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"வீட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு."

"அக்காவைக் கேட்டீங்களா?"

"கேக்கணுமா? எனக்குத் தெரியாதா அவளை?"

எஞ்சினுக்குள் எங்கோ இரண்டு நாளாய்த் தட்டிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது போலிருந்தது மெக்கானிக்குக்கு. அத்தானுக்குத் தானே போய் டீ வாங்கி வந்தான். மறுநாள் பூராவும் அவரும் அவனும் வளைந்த கம்பியை நிமிர்த்தினார்கள், கண்ணாடி மாற்றினார்கள். அவன் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தான். அத்தான் பாடவில்லை என்பதைக் கவனித்தான். கவனிக்காதவன் போல இன்னும் கொஞ்சம் உரக்கப் பாடினான்.

அதற்கடுத்த நாள் லாரி வந்தது. டிரைவர் பக்கத்து இருக்கையில், மடியில் குக்கரை வைத்துக்கொண்டு அக்கா. காலடியில் இரண்டு பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. மெக்கானிக்குக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரை இழுத்துப்போக வருகிறவளுக்குக் குக்கர் எதற்கு?

கேப்டன் முந்திக்கொண்டார். "நீ ஏன் இவ்வளவு தூரம் வந்தே? நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேனே, வேலையை."

அக்கா இறங்கிய காலோடு நின்றாள். "வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"ஆமா."

"யாரைக் கேட்டு?"

"உனக்காகத்தான்…"

"எனக்காகவா! என்னைக் கேட்டீங்களா? காலையில எழுந்ததும் அலை மூணு மீட்டர், காத்து நாலு மீட்டர்னு இத்தனை வருஷமாக் காதுல ஓதினது யாரு? கேட்டுக் கேட்டு எனக்கே பாக்கணும்னு ஆசை வந்துடுச்சு. வீட்டைப் பூட்டி, சாவியை எதிர்வீட்ல குடுத்து, சங்கத்துல சொல்லி, ரெண்டு நாளா இந்த டிரைவரோட பேச்சைக் கேட்டுட்டு வந்து நிக்கறேன்."

"என் பேச்சையா?" என்றார் டிரைவர் பரிதாபமாக.

"நீ அந்த ஊரை விட்டு வருவேன்னு நான் எப்படி நினைப்பேன்?" என்றார் கேப்டன்.

"அந்த ஊரை நானா பெத்தேன்? நீங்க இருந்தீங்க, நானும் இருந்தேன். எங்க அந்தம்மா?"

லாஞ்சுக்காரம்மாவைத் தேடிப் பிடித்து அவள் முன் போய் நின்றாள் அக்கா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் இரண்டு பேரும் ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஒதுங்கி நின்றார்கள்.

"இவரு மாட்டேன்னு சொன்னாராம். நாங்க இருக்கோம்னு நான் சொல்றேன்."

"ஓட்டப் போறது யாரு?"

"அவருதான்."

"முடிவு பண்றது?"

"அவருதான்னு இன்னிக்கு வரைக்கும் அவரு நெனச்சிட்டிருந்தாரு."

லாஞ்சுக்காரம்மா சிரித்த சிரிப்பில் விசில் கழுத்தில் குதித்தது. வேலை நிச்சயமாயிற்று.

பிறகு அக்கா கடலின் பக்கம் திரும்பினாள். வந்ததிலிருந்து அப்போதுதான் அதைப் பார்க்கிறாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் படியில் இறங்கி, தண்ணீர் கால்விரலைத் தொட்டதும் சின்னப்பெண் மாதிரிக் கத்திக்கொண்டு மேலே ஓடி வந்தாள். மறுபடி இறங்கினாள். மறுபடி கத்தினாள். கேப்டன் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடலைப் பார்த்தபோதுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை. அன்றைய அந்தச் சத்தமும் அந்த முகமும் இன்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதென்றால் அது மெக்கானிக்குக்கு மட்டும்தான். பல வருஷம் கழித்து அத்தான் முதலில் கண்ணை மூடினார். அக்கா அவருக்குப் பின் வெகுநாள் தாமதிக்கவில்லை.

அந்தப் படியோரத்தில் நின்றபோதுதான் அவனுக்கு விஷயம் உறைத்தது. அக்காவுக்காகப் பயந்ததாக அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தான்? பின்னறையும், சாப்பாட்டுத் தட்டும், வாரம் தவறாத அந்தக் கேலியும் இனி இல்லை. அத்தானை விட்டுவிட்டு வராதே என்று சொல்லி அனுப்பினாள் அக்கா. இப்போது விடப்படுகிறவன் அவன்.

கேப்டன் பக்கத்தில் வந்து நின்றார். "மச்சான், நான் மாட்டேன்னு சொன்னதுக்கு உங்கக்கா மட்டும் காரணம் இல்ல."

"தெரியும் அத்தான்."

"நீயும் இங்கயே இரு. உனக்கு ஒரு வேலை கிடைக்காதா?"

"இருடா" என்றாள் அக்கா, ஈரக் காலோடு மேலே வந்து. "இவன் இல்லாம நான் யாரைத் திட்டறது?"

இருந்துவிடலாம் என்று அவன் நாக்கு நுனி வரை வந்தது. இருந்தால் என்ன? சங்கம் வேறு ஆள் பார்க்காதா? ஆனால் லாரியில் ஏறக் காத்திருந்த படகைத் திரும்பிப் பார்த்தான். பழைய படகு இந்த மழைக்காலத்தைத் தாண்டாது. அக்கரையில் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. இதை ஓட்டவும் இதன் மூச்சைக் கேட்கவும் தெரிந்த ஆட்கள் அந்த ஊரில் இரண்டே பேர். அந்த இரண்டு பேரும் இங்கே நிற்கிறார்கள்.

"ரெண்டு பேரும் இங்கயே உக்காந்துட்டா அக்கரைக்காரங்க நீந்தியா வருவாங்க?" என்றான். குரல் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. "ஒருத்தர் போகணும் அத்தான். நான் போறேன்."

"நீ ஓட்டுவியா?"

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப யாரு ஓட்டினது?"

"அன்னிக்குத் துறையில இடிச்சியே!"

"இடிச்சது துறை பழசுங்கறதால."

கேப்டன் மறுக்கவில்லை. மறுக்காததே அவனுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்று மாலை முழுவதும் டீக்கடை மேஜையில், சிந்திய டீயை விரலால் இழுத்து இழுத்து ஏரியைப் படம் போட்டுக் காட்டினார். எங்கே பாறை, எங்கே மணல் திட்டு, எந்த மாதத்தில் எந்த மூலையிலிருந்து காற்று வரும். அவனுக்கு எல்லாம் தெரிந்ததுதான். தெரியாதவன் போலக் கேட்டுக்கொண்டான். அக்கா நடுநடுவே, அரிசி எந்த டப்பாவில், எந்த ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைக்காரர் வந்து மேஜையைத் துடைத்தபோது ஏரி போய்விட்டது. கேப்டன் முதலிலிருந்து போடத் தொடங்கினார்.

மறுநாள் மதியம், லாஞ்சுக்காரம்மா சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் நிறைந்து வந்தது. கிரேன் படகைத் தூக்கிற்று. வெயிலில் நீர் சொட்டச் சொட்ட அது ஆகாயத்தில் போனபோது, கீழே நின்ற மூன்று பேரும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்கள் மாதிரிக் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார்கள். லாரியில் உட்கார்ந்தது. பட்டைகள் போட்டு இறுக்கினார்கள். கேப்டன் ஏதோ சொல்ல வந்து, செயின் பிளாக்கை எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன் என்றான். அக்கா அவன் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். வயது ஆனவன் என்று பார்க்கவில்லை.

லாரி மலைச்சாலையில் ஏறத் தொடங்கியது. டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"வரும்போது உங்க அக்கா ரெண்டு நாளும் வாயை மூடல. நீங்க வாயையே திறக்க மாட்டேங்கறீங்க."

"எங்க வீட்ல பேச்சு அவளோட டிபார்ட்மெண்ட்டு."

"வழியெல்லாம் என்ன சொல்லிட்டு வந்தாங்க தெரியுமா? 'எங்க வீட்டுக்காரர் எனக்காக மாட்டேன்னு சொல்லுவாரு. என் தம்பி எங்களுக்காக நான் போறேன்னு சொல்லுவான். ரெண்டு பேரையும் அழாம சமாளிக்கணும்'னாங்க."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அப்புறம், சமாளிச்சாளா?" என்றான்.

"அவங்க சமாளிச்சாங்க. நீங்கதான் இப்ப…"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

மலையின் கடைசி வளைவில் டிரைவர் லாரியை ஓரமாக நிறுத்தினார். இதற்கப்புறம் கடல் தெரியாது, எல்லாரும் இங்கே இறங்கி ஒரு தடவை பார்ப்பார்கள் என்றார். மெக்கானிக் இறங்கினான். கடல் அங்கே கீழே கிடந்தது. அவன் போனை எடுத்தான்.

"என்னடா?" என்றாள் அக்கா. "படகுக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. சாப்பிட்டீங்களா?"

"கிளம்பி முழுசா ஒரு மணி நேரம் ஆகல. இப்பத்தான் வீட்டுச் சாவியே வாங்கியிருக்கோம்."

"யாரு, மச்சானா? என்னவாம்?" என்று பின்னாலிருந்து கேப்டனின் குரல்.

"சாப்பிட்டீங்களான்னு கேக்கறான்."

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லு. இல்லன்னா திரும்பி வந்தாலும் வருவான்."

"அடுப்பே இன்னும் பத்த வைக்கல, இவரு சாப்பிட்டாராம்" என்றாள் அக்கா. "நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"டிரைவர் பக்கத்துல பையில கடைச் சாப்பாடு வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு பேருக்கும். போய்ச் சாப்பிடு. வை போனை."

அவன் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.